ஆம்பூருக்குப் பாறு திரும்புமா?

கேள்வி:

டாக்டர் ஐயா, எனக்கு வயது அறுபத்தெட்டு. எங்கள் அப்பா பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் பச்சைத் தோல் வாங்கி, உப்புப் போட்டு ஆம்பூருக்குக் கொண்டுவருவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் வண்டியில் ஏறிக்கொள்வேன். ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போடுகிற பொட்டல் ஒன்று இருக்கும். தோலை உரித்து எடுத்ததும், செத்ததைத் தின்னும் பெரிய பறவைகளான பாறுகள் வந்து இறங்கும். முப்பது, நாற்பது இருக்கும். நாங்கள் உப்பைத் தேய்த்து மடித்துக் கட்டுவதற்குள் அங்கே எலும்புதான் மிச்சம். அந்த இரைச்சல் இன்னும் காதில் நிற்கிறது.

ஏழாவது படிக்கும் என் பேத்தி போன வாரம், "பாறுன்னா என்ன தாத்தா?" என்று கேட்டாள். அதைக் காப்பாற்ற அரசாங்கம் திட்டம் போட்டிருப்பதாகப் புத்தகத்தில் படித்தாளாம். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பருந்துதான் சுற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் டேனரிக் கழிவுதான் அவற்றைக் கொன்றது என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். செல்போன் டவர் என்கிறார்கள் வேறு சிலர். எது உண்மை? திட்டம், கமிட்டி என்று அறிவிக்கிறார்களே, அதனால் ஏதாவது நடந்திருக்கிறதா? இந்தப் பக்கம் அவை இனி வருமா?

– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசைமேலேயே வைத்திருந்தேன். உடனே பதில் எழுத முடியவில்லை. அந்தப் பறவைகளைக் கொன்ற மருந்தைக் கையால் ஊசியில் ஏற்றி மாட்டுக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு விளக்கம் எழுதுவது சரியாக இருக்காது.

மருந்தின் பெயர் டைக்ளோஃபினாக். 1990-களில் கால்நடை மருத்துவத்துக்குள் வந்தது. மடிவீக்கம், மூட்டு வீக்கம், காய்ச்சல், கன்று ஈன்ற பிறகு எழ முடியாமல் படுத்துவிட்ட மாடு என்று எதற்கும் போட்டோம். விலை குறைவு. ராத்திரி போட்டால் காலையில் மாடு எழுந்து நிற்கும். ஒரே ஒரு கறவையை நம்பிப் பிழைக்கிற வீட்டில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குத் தெரியும். சில மாடுகள் பிழைக்காது. செத்த மாட்டைப் பொட்டலுக்கு இழுத்துப் போவார்கள், தோல் உங்கள் அப்பாவைப் போன்றவர்களிடம் வரும். ஊசியின் கதை அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

முடியவில்லை. ஊசி போட்டு ஓரிரு நாளுக்குள் மாடு செத்தால், அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் இறைச்சியிலும் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். வெளியேற முடியாத யூரிக் அமிலம் இதயம், ஈரல் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாகப் படியும். சில நாட்களில் சாவு. பாறு கூட்டமாகத் தின்கிற பறவை என்பதால் ஒரு மாட்டின் உடலே ஒரு கூட்டத்தைக் கொன்றுவிடும். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தால்கூட அன்று நடந்த அழிவு முழுவதும் நடந்துவிடும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். தடைக்கு முந்தைய ஆண்டுகளில் இந்தியாவில் எடுத்த மாதிரிகளிலோ பத்தில் ஒன்றில் இந்த மருந்து இருந்தது.

ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் கூடுகள் காலியாவதை 1990-களின் பிற்பகுதியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் கவனித்துச் சொன்னார். காரணம் தெரியாமல் சில ஆண்டுகள் ஓடின. வைரஸ் என்றார்கள், பூச்சிக்கொல்லி என்றார்கள். பாகிஸ்தான் பஞ்சாபில் செத்து விழுந்த பறவைகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004-இல் டைக்ளோஃபினாக்தான் காரணம் என்று நிறுவினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. பதினைந்தே ஆண்டுகளில் இப்படிச் சரிந்த பறவை வேறொன்றை நான் அறியேன்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: டேனரிக் கழிவும் காரணமில்லை, செல்போன் டவரும் காரணமில்லை. ஆம்பூரைப்போல் தோல் ஆலைகள் குவியாத பரத்பூரிலும் நேபாளத்துத் தராயிலும் அவை செத்தன. இதைப் படித்துவிட்டு, டேனரிக் கழிவு கெடுத்த பாலாற்றின் கணக்கும் தீர்ந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு கணக்கு. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. 2025 ஜனவரியில்கூட அதே நீதிமன்றம் பாலாற்றை மீட்பது பற்றியும் இழப்பீடு பற்றியும் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

அந்த முதல் தீர்ப்பைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் வந்தது அது. டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டதும், சுத்திகரிப்பு நிலையம் இல்லாதவை மூடப்பட்டதும் உங்கள் ஊரில் எல்லாருக்கும் நினைவிருக்கும். நாட்டின் சட்ட மாணவர்கள் அந்தத் தீர்ப்பை வேறொன்றுக்காகப் படிக்கிறார்கள். கெடுதல் நேரும் என்பதற்கு அறிவியல் முழு உறுதி தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆபத்து பெரிது என்றால் முன்கூட்டியே தடுக்க வேண்டும், தன் செயல் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு அதைச் செய்கிறவனுடையது என்கிற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்தது அந்த வேலூர் வழக்குதான்.

பாறுவுக்கு வேண்டியிருந்தது சரியாக அந்தக் கோட்பாடு. அது கிடைக்கவில்லை. தீர்ப்பு வந்த அதே ஆண்டுகளில்தான் டைக்ளோஃபினாக் எந்தப் பாறுமேலும் சோதிக்கப்படாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. தடைகள் வந்த வரிசையைப் பாருங்கள். 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்பை நிறுத்தச் சொன்னார்கள். கால்நடை மருந்து போனதும், மனிதர்களுக்கான 30 மி.லி. குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடத் தொடங்கினார்கள். ஒரு மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மி.லி. போதும், 30 மி.லி. குப்பி யாருக்காக விற்றது என்று மருந்துக்கடையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். 2015-இல்தான் குப்பியின் அளவை 3 மி.லி. ஆக்கினார்கள். மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. அதற்குள் மாற்றாக வந்த கீட்டோபுரோஃபென்னும் பாறுவைக் கொல்லும் என்று தெரிந்திருந்தது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும் என்பதும் தெரிந்திருந்தது. அவை இரண்டுக்கும் தடை வந்தது 2023-இல். நிமிசுலைடுக்கு 2024 டிசம்பர் கடைசியில். ஒவ்வொரு முறையும் பறவை செத்து, ஆய்வு வந்து, வழக்கு நடந்து, பிறகுதான் தடை. மத்திய அரசின் 2020–25 பாறு பாதுகாப்புச் செயல்திட்டத்தில், பாறுவுக்கு நஞ்சு என்று தெரிந்தவுடனே ஒரு மருந்து கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தானாக விலகும்படி ஏற்பாடு வேண்டும் என்று எழுதினார்கள். எனக்கு அந்தத் திட்டத்திலேயே முக்கியமான வரி அதுதான். அது நடைமுறையில் இருந்திருந்தால் கீட்டோபுரோஃபென் அத்தனை ஆண்டு கடையில் இருந்திருக்காது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. திட்டங்களால் ஏதாவது நடந்ததா? நடந்திருக்கிறது. பாறு, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. ஹரியானாவின் பிஞ்சோரில் 2004 முதல் அவற்றை வளர்த்துப் பெருக்குகிறார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை என்பதால் அந்த வேலை மிக மெதுவாகத்தான் நடக்கும். தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் பாறு பாதுகாப்புக்கென்று மாநில அளவில் ஒரு குழு அமைத்தது. பிறகு தமிழ்நாடு, கேரளா, கர்நாடக வனத்துறைகள் ஒரே நேரத்தில் கணக்கெடுத்தன. 2023-இன் தொடக்கத்தில் 246, அதே ஆண்டு டிசம்பரில் 320. இவ்வளவு சீக்கிரத்தில் எடுத்த இரண்டு கணக்கை வைத்துப் பறவை பெருகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவை இருக்கின்றன. முதுமலை, சீகூர், மாயாறு பள்ளத்தாக்கில் நீர்மருத மரங்களின் உச்சியில் கூடு கட்டுகின்றன. முதுமலைக் காட்டில் யானை இறந்தால் உடற்கூறாய்வு முடித்துப் பிணந்தின்னிகளுக்கு விட்டுவைப்பது உண்டு. கோவையில் இயங்கும் அருளகம் அமைப்பின் சு. பாரதிதாசன் போன்றவர்கள் பட்டிகளுக்கும் மருந்துக்கடைகளுக்கும் ஆண்டுக்கணக்காக நடந்து பேசியிருக்கிறார்கள். 'பாறு' என்ற பழைய சொல்லைப் பத்திரிகைகளுக்குத் திரும்பக் கொண்டுவந்ததில் பாரதிதாசனுக்குப் பங்கு உண்டு. நீங்களும் கடிதத்தில் அந்தச் சொல்லையே எழுதியிருந்தது எனக்கு மகிழ்ச்சி. பிணந்தின்னிக் கழுகு என்று சொல்லிச் சொல்லித்தான் அதன்மேல் அருவருப்பை வளர்த்துவிட்டோம்.

ஆனால் இடத்தை அறிவித்து வேலி போட்டால் பறவை பிழைக்கும் என்று நினைப்பதில் பெரிய ஓட்டை இருக்கிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரம் பாறைகளை நீங்கள் 'ஷோலே' படத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கே ராமதேவர பெட்டாவைக் கர்நாடக அரசு 2012-இல் பாறு சரணாலயம் ஆக்கியது. கருங்கழுத்துப் பாறு கூடு கட்டும் செங்குத்துப் பாறை அப்படியே இருக்கிறது, காவலும் இருக்கிறது. பறவையோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அது கூட்டில் இருக்கும் நேரம் குறைவு. இரை தேடி நாளெல்லாம் வெகுதூரம் பறக்கும். எந்த ஊர்ப் பொட்டலில் இறங்குகிறதோ அங்கே கிடக்கும் மாட்டுக்குள் என்ன மருந்து இருக்கிறது என்பதை வனக்காவலர் எப்படிக் காப்பார்? அதனால்தான் கூடுகளைச் சுற்றி 100 கி.மீ. ஆரத்துக்கு மருந்துக்கடை, கால்நடை மருந்தகம், பட்டி எல்லாவற்றிலும் நச்சு மருந்து இல்லாமல் செய்யும் 'பாறு பாதுகாப்பு மண்டலம்' என்ற முறை வந்தது. மாநிலத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்றது 2020–25 செயல்திட்டம்.

வேலிக்கு அப்பாலும் யோசித்த சட்டம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் 1999-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தில், அழியும் உயிரினங்களின் பட்டியலோடு அழியும் உயிர்ச் சமூகங்களுக்கும் தனிப் பட்டியல் உண்டு. ஒரு புல்வெளியும் அதில் வாழும் செடி, பூச்சி, பறவை எல்லாம் சேர்ந்த சமூகத்தை ஒரே பெயரில் பதிந்து காக்கிறார்கள். நம் சட்டத்துக்குத் தனித்தனி உயிரைத் தெரியும், எல்லை போட்ட காட்டைத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதைத் தெரியாது. பாறுவின் சமூகம் எது என்று யோசித்துப் பாருங்கள். மாடு, மாட்டுக்காரர், ஊசி போடுகிறவர், மருந்துக்கடை, ஊர்ப் பொட்டல், ஓங்கிய மரம், மதிய வெயிலில் எழும் காற்று. உங்கள் அப்பாவின் உப்பு மூட்டையும் அதில் அடக்கம். தோல் உரித்த உடல் அவற்றுக்கு எளிய இரை. அந்தச் சமூகத்தில் பாதி மனிதர்கள். அதைக் காக்க வனத்துறை மட்டும் போதாது. கால்நடைத் துறையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

பாறு போனதால் நமக்கு என்ன நட்டம் என்று உங்கள் ஊரில் கேட்பார்கள். அதற்கும் கணக்கு வந்துவிட்டது. இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பாறுகள் நிறைய இருந்த மாவட்டங்களில் அவை மறைந்ததால் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சடலங்கள் அழுகி நீர்நிலை கெட்டது ஒரு பக்கம், அவற்றைத் தின்று நாய்கள் பெருகி வெறிநாய்க்கடி கூடியது இன்னொரு பக்கம்.

உங்கள் தொழிலோடு நேராகத் தொடர்புள்ள ஒன்றும் இருக்கிறது: அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்). வேலூர், சித்தூர் பக்கத்தில் இந்த நோய் நெடுங்காலமாக உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் மனிதர்களுக்கு வந்த அடைப்பானைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறார்கள். அதற்கான தடுப்பூசியை, 1932-இல் தொடங்கிய இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது. மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வந்தால் கத்தி வைக்கக் கூடாது, தோலுக்கு ஆசைப்படக் கூடாது, உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். உடலைத் திறந்தால் கிருமி விதைகளாகி மண்ணில் பல ஆண்டு கிடக்கும். பாறுவின் வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. சாதாரணச் சடலங்களை அழுகவிடாமல் பாறுக் கூட்டம் சில மணி நேரத்தில் முடித்துவிடும். அந்த இடத்தில் இன்று நாயும் காக்கையும்தான் இருக்கின்றன. அவை இழுத்துப் பரப்பும்.

மூன்றாவது கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். நீங்கள் சிறுவயதில் பார்த்தபடி நாற்பது பாறு உங்கள் பக்கத்துப் பொட்டலில் இறங்குவதை நாம் இருவரும் பார்க்கப்போவதில்லை. மாயாற்றுக்கும் ஆம்பூருக்கும் நேர்கோட்டில் சுமார் 250 கி.மீ. தூரம். அதுகூடப் பெரிய தடையில்லை. இரைதான் தடை. இன்று கிழட்டு மாடு செத்து விழுவதற்கு முன்பே சந்தைக்குப் போய்விடுகிறது. உங்கள் ஊருக்குத் தோல் வருவதும் பெரும்பாலும் அறுப்புக்கூடங்களிலிருந்து. செத்த மாட்டைத் தூக்கி உரிக்கிற வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, அதையே காரணம் காட்டி அவர்களைச் சேரியில் ஒதுக்கி வைத்தோம். அதிலிருந்து அவர்களின் பிள்ளைகள் விடுபட்டது நல்லது. பழைய பொட்டல் அப்படியே திரும்ப வேண்டும் என்று நான் ஆசைப்பட மாட்டேன். மருந்து இல்லாத சடலத்தை ஊராட்சியே சம்பளமும் வண்டியும் கொடுத்து ஒதுக்குப்புறத்தில் சேர்க்கும் ஏற்பாடு இருந்தால் போதும். அப்படி நடந்தால் ராமநகரத்திலிருந்தோ கிழக்குத் தொடர்ச்சி மலை வழியாகவோ வழிதவறி ஒன்றிரண்டு பறவை ஜவ்வாது மலைக்கு மேலே வட்டமிடும் என்று நம்ப இடமிருக்கிறது. உங்கள் பேத்தியின் காலத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தெருவில் மாடு வளர்ப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகம் ஊசி கேளுங்கள். டால்ஃபெனமிக் அமிலமும் பாறுவுக்குத் தீங்கில்லை. குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் போடவிடாதீர்கள். மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக்கை மாட்டுக்கு என்று எந்தக் கடையாவது கொடுத்தால் ரசீதோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் செய்யலாம். சிறுத்தையையோ நாயையோ பழிவாங்கச் செத்த ஆட்டில் விஷம் வைப்பவர்கள் மலையடிவாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அந்த விஷம் பாறுவுக்கும் போகும்.

பேத்தியை விடுமுறையில் மசினகுடிப் பக்கம் கூட்டிப்போங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவு தூரம் முடியாதென்றால், நீங்கள் காஞ்சிபுரம் போகிற வழியிலேயே பாலுசெட்டிசத்திரத்துக்குப் பக்கத்தில் திருப்புட்குழி இருக்கிறது. இராமன் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்று சொல்லப்படும் கோயில். பறவைக்கு மகனாக நின்று கொள்ளி வைத்த கதையை அங்கே வைத்துச் சொல்லலாம். திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளைக்கு வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் தின்ற இரண்டு மஞ்சள்முகப் பாறுகளை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். 1990-களில் அவை வருவது நின்றுபோனது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் இப்போது இருக்கும் செடியையும் பறவையையும் எழுதுவார்கள். முன்பு இருந்ததை உங்களைப் போன்றவர்கள் சொன்னால்தான் எழுத முடியும். பொட்டல் எந்த ஊரை ஒட்டி இருந்தது, பக்கத்தில் மரம் ஏதும் நின்றதா, பறவைகள் எந்தத் திசையிலிருந்து வந்தன, கடைசியாக எந்த ஆண்டு பார்த்தீர்கள், கழுத்து வெறுமையாக முதுகில் வெள்ளை தெரிந்ததா இல்லை தலை சிவப்பாக இருந்ததா என்பதையெல்லாம் பேத்தியை உட்காரவைத்துச் சொல்லுங்கள், அவள் எழுதட்டும். ஒரு படியை அந்த ஊரின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எனக்கு அனுப்புங்கள்.